தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை

“நீங்களே கண்டுபிடிங்க சார்” என்று அக்கா டேப்லெட்டை மேலாளர் முன்னால் வைத்த மதியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தேடிய எச்சரிக்கை கடைசிவரை கிடைக்கவில்லை.

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில், உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் இயந்திரங்களை இயக்கும் மென்பொருளுக்குக் கையேடு எழுதும் குழு எங்களுடையது. அக்காதான் குழுத் தலைவி. எச்சரிக்கை என்றால் ‘எச்சரிக்கை’ என்றே டேக், அதாவது அது என்ன வகை என்று கணினிக்குச் சொல்லும் அடையாளம், போட வேண்டும், பட்டன் பெயருக்குத் தனி டேக், எல்லோரும் ஒரே மாதிரி என்பது அவர் பிடிவாதம். ஆனால் ஒருவர் டேக் போடுவார், இன்னொருவர் எழுத்தைத் தடிமனாக்கிவிட்டுப் போய்விடுவார். திருத்த அவகாசம் கேட்டபோதெல்லாம் மேலாளர் சிரிப்பார். “போல்டு பண்ணா போதும்மா. படிக்கிறவனுக்கு டேக்கா தெரியப்போகுது?”

பிறகு கையேட்டை டேப்லெட்டுக்கு மாற்றினார்கள். டேக் போட்டிருந்த எச்சரிக்கைகள் சிவப்புப் பெட்டிக்குள் வந்தன. வெறுமனே தடிமனாக்கியவை சாதாரண எழுத்தாகிப் பத்திகளுக்குள் புதைந்துபோயின. ‘ரீசெட் செய்யும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்’ என்பது அப்படிப் புதைந்த ஒன்று. எங்கள் வாடிக்கையாளரான மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றில் ஓர் இளைஞர் மின்சாரத்தைத் துண்டிக்காமலே ரீசெட் செய்தார். வலது கை விரல்கள் நசுங்கின.

அந்த மதியக் கூட்டம் அதற்காகத்தான். தன்னாலேயே கண்டுபிடிக்க முடியாத எச்சரிக்கையைப் பற்றி மேலாளர் கூசாமல் அறிக்கை அனுப்பினார்: எச்சரிக்கை கையேட்டில் உள்ளது, விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு. அதை நம்பித் தொழிற்சாலை அந்த இளைஞரை வேலையை விட்டு நிறுத்தியது.

அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அஸ்தினாபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: “எல்லாரும் சொல்றாங்கக்கா. நான்தான் படிக்காம வுட்டுட்டேனோ?”

“இல்ல தம்பி. நீங்க பாக்கற மாதிரி நாங்க வெக்கல.”

மறுநாளே அக்கா தொழிற்சாலைக்குப் போய், அங்குள்ள அதிகாரிகளிடம் டேப்லெட்டைக் கொடுத்து அதே இடத்தைத் தேடச் சொன்னார். அவர்களாலும் முடியவில்லை. அந்த இளைஞரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாடிக்கையாளரிடம் நிறுவனத்தைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லி, எங்கள் நிறுவனம் அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. மேசையைக் காலி செய்யும்போதும் அக்கா அழவில்லை. “மீதி போல்டையெல்லாம் மாத்திடுங்க” என்றார், அவ்வளவுதான்.

மாற்றினோம். இன்று அதே மேலாளர், பெரிய பதவியில் அமர்ந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரே மாதிரி டேக் போடுவதன் அவசியத்தைப் பாடம் நடத்துகிறார். அக்காவின் விதிகளைத் தன்னுடையவைபோல் சொல்கிறார். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையேட்டின் எச்சரிக்கைகள் எல்லாம் இப்போது சிவப்புப் பெட்டியில் இருக்கின்றன. அவருடைய அறிக்கையில் மட்டும் இன்றுவரை ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்றே இருக்கிறது.