வானொலி அம்மாவின் குரல்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது.

கார் து நோர் ரயில் நிலையத்தில் அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. மழைக்கு ஒதுங்கி, பக்கத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு வயதான பெண் பேசாமல், துண்டுக் காகிதத்தில் பிரெஞ்சில் எழுதிக் கடைக்காரரிடம் நீட்டுகிறார்.

“வங்காளி அம்மா, அண்ணை,” என்கிறார் கடைக்காரர் என்னிடம். “ஏழு நாவல் எழுதினவ. கல்கத்தா ரேடியோவிலை முப்பது வருசம் செய்தி வாசிச்சவ. தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு சத்தம் வராது.”

“இப்ப என்ன கேக்கிறா?”

“அவவின்ரை போனை எடுக்காட்டி, தகவல் விடச்சொல்லி அவ முந்திப் பதிஞ்சு வைச்ச குரல் கேக்குமெல்லோ? அவவின்ரை குரலிலை அதுதான் மிச்சம். ரேடியோக்காரர் பழைய ஒலிநாடாவிலை புதுசைப் பதிஞ்சு எல்லாத்தையும் அழிச்சிட்டினமாம். மகன் போன கிழமை அவவின்ரை போன் இலக்கத்தை மாத்திப்போட்டான். பழைய இலக்கத்திலை கிடக்கிற குரலை எடுத்துத் தரச் சொல்லுறா.”

கடைக்காரர் பழைய இலக்கத்தை அழைத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார். மூவரும் குனிந்து கேட்கிறோம். ஓர் இளம்பெண்ணின் பதிவுக் குரல் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறது.

“இது போன் கம்பனியின்ரை பதிவு. இந்த இலக்கம் இப்ப பாவனையிலை இல்லையாம்,” என்கிறார் கடைக்காரர்.

மறுபடி அழைக்கிறார். அதே பெண். அம்மா கண்களை மூடிக் கடைசிவரை கேட்கிறார். பிறகு இன்னொரு துண்டு எழுதுகிறார். கடைக்காரர் எனக்கு மெல்லச் சொல்கிறார்:

“இந்தப் பெட்டை கொஞ்சம் அவசரமா வாசிக்கிறாளாம்.”

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, பெப்ரவரி 12 அன்று எழுதியது.