கடலில் குளிக்கக் கூடாத ஞாயிறு

போன மாதம் ஒரே காலையில் நடந்தவை:

1. எங்கள் சரக்குக் கப்பல் சமோவா தீவில் நின்றது. பசிபிக்கின் நட்டநடு. ஞாயிறு என்பதால் சரக்கு வேலை இல்லை.

2. மாலை ஆறு மணிக்குள் திரும்பினால் போதும் என்று கேப்டன் சொல்லிவிட்டார்.

3. கரையில் செலவுக்கு ரொக்கம் வேண்டுமென்றால் கேப்டனிடம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே இறங்க விடப்போகிறார்கள் என்று நானும் எழுதவில்லை, அந்தோணி அண்ணனும் எழுதவில்லை.

4. துறைமுக வாசலில் இருந்த ஏடிஎம் என் கார்டை வாங்கி, கொஞ்ச நேரம் யோசித்து, வெளியே தள்ளிவிட்டது.

5. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது.

6. இருந்தும் கிளம்பினோம்.

இந்த ஆறாவதைத்தான் இன்று சொல்ல வேண்டும்.

கப்பலில் நான் எலெக்ட்ரிக்கல் ஆபீசர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தோணி அண்ணன் போசன். டெக் ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. சொந்த ஊர் எங்கள் தூத்துக்குடியின் திரேஸ்புரம். கப்பலில் என்னை ‘மேடம்’ என்பார். கேங்வே ஏணியை விட்டு இறங்கியதும் ‘ஏளா’ ஆகிவிடுவேன்.

அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசை. பசிபிக் கடலில் குளிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். எனக்கு என்ன வயதோ அத்தனை காலமாக அவர் கப்பலில் இருக்கிறார். அந்தக் கடலைப் பலமுறை தாண்டியிருக்கிறார். ஆனால் கப்பல்காரன் கடலைப் பார்ப்பான், இறங்க மாட்டான். ஒரு துறைமுக ஜெட்டியிலிருந்து அடுத்த ஜெட்டி, நடுவே துரு சுரண்டல், பெயிண்ட்... பீச் என்பது தூரத்தில் ஒரு பச்சைக் கோடு. அடுத்த துறைமுகத்தில் அண்ணன் வேலையை விட்டு இறங்குகிறார். இனி தூர ஓட்டம் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆக, இந்த ஞாயிறு அல்லது என்றுமே இல்லை.

“ஒரே ஒரு முங்குளா. அது போதும்” என்றார்.

மெஸ்ஸிலிருந்து எடுத்த பிஸ்கட்டும் தண்ணீரும் பையில். கடலோர ரோட்டில் நடந்தோம். சுவரே இல்லாத வீடுகள். தூண்களும் கூரையும் மட்டும். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் புகை. எல்லோரும் வெள்ளை உடுப்பில் ஞாயிறு ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார் — நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதாம்.

பீச் வந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்... அப்படி ஒரு தெளிவு. அண்ணன் சட்டையைக் கழற்றித் தென்னங்கட்டையில் போட்டார். முழங்கால் அளவு இறங்கினார்.

ரோட்டிலிருந்து குரல் வந்தது. வெள்ளைக் கவுன், வெள்ளைத் தொப்பி, நல்ல ஆகிருதி. பெயர் லூசியா என்று பிறகு தெரிந்துகொண்டோம். தயவுசெய்து வெளியே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலில் இறங்கக் கூடாது, பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்.

“அந்தம்மா என்னளா சொல்லுது?”

சொன்னேன். அண்ணனால் நம்ப முடியவில்லை.

“ஞாயித்துக்கிழம நாமளும் கடலுக்குப் போமாட்டோம்லா. மீன்வலதான போடக்கூடாது? குளிக்கதுக்கு என்ன?”

திரேஸ்புரத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. நம் பக்கம் ஞாயிறு மீன்பிடி வள்ளம் இறங்காது. ஆனால் பூசை முடிந்தால் பாதி ஊர் பீச்சில்தான் இருக்கும். லீவு நமக்குத்தான், கடலுக்கு இல்லை. இதை அப்படியே லூசியாவிடம் மொழிபெயர்த்தேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: அப்படியானால் உங்கள் கடல் எப்போது ஓய்வெடுக்கும்?

அதையும் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அண்ணன் கரையேறிச் சட்டையை மாட்டினார்.

நான் இன்ஜினியர். வழி கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் பாறைக்கு அப்பால் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன்.

“யாரும் பாக்காத எடத்துல குளிச்சா அதுக்குப் பேரு குளிக்கதாளா? களவுல்லா.”

அதற்குள் லூசியா எங்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டார். போனோம். நாலு குரலாகப் பிரிந்து பாடினார்கள், கூரை அதிர்ந்தது. காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது அண்ணனும் நானும் ஒரே நேரத்தில் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தோம்.

பிறகு அவர் வீட்டில் சாப்பாடு. காலையில் பார்த்த புகைக்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது — சூடாக்கிய கல்லில் வெந்த சீமைப்பலா, மீன், சேம்பு இலைக்குள் தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டி வேகவைத்த ஒரு பொட்டலம். விருந்தாளி எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் உட்காருவார்களாம். இது தெரியாமல் அண்ணன் மீன் முள்ளை ரசித்து ரசித்து எடுத்துக்கொண்டிருந்தார். நான் காதில் சொன்னதும் மீதி மீன் மறைந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சாப்பிட்டதும் பாய், தலையணை, நாலு பக்கமும் காற்று. ஊரே தூங்கியது, நானும் தூங்கினேன். இதே மாதிரி சுவரில்லாத குடிலைக் கடலோரம் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். “பசிபிக் தீவுக்குப் போக எவ்வளவு ஆகும்?” என்று எழுதிக் கேட்கிற வாசகர்களே... கையில் காசு இருந்திருந்தால் நாங்களும் ஏதாவது ஹோட்டலில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் பொட்டலத்தின் ருசி இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது.

ஆனால் அண்ணன் தூங்கவில்லை. எழுந்து பார்த்தால் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லூசியாவும் பார்த்தார். வேர்த்திருக்கிறதே, போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூடாதே என்றேன். குளிப்பது வேறு, கடலில் விளையாடுவது வேறு என்று விளக்கினார். கடலை ஒட்டியே கறுப்புப் பாறைக்குள் நன்னீர் ஊற்று. சுற்றிலும் இடுப்பளவு கல் சுவர் கட்டிக் குளமாக்கியிருக்கிறார்கள். அதில் எந்த நாளும் குளிக்கலாம். பெண்கள் முறை முடிந்துவிட்டது, இப்போது ஆண்கள் முறை. அண்ணனிடம் கைலி மாதிரி ஒரு துணியைக் கொடுத்தார்.

“ஏளா, இது நம்ம சாரம்லா” என்று கட்டிக்கொண்டு இறங்கினார் அண்ணன். உட்கார்ந்தால் கழுத்தளவு நல்ல தண்ணீர். சுவருக்கு அந்தப் பக்கம் பசிபிக்.

லூசியாவின் தம்பி எங்களைத் துறைமுகத்தில் விட வண்டியோடு காத்திருந்தார். கிளம்பலாம் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன்: குளத்துச் சுவரின் உட்பக்கத்திலும் பொடிப்பொடியாகக் கடல்சிப்பி ஒட்டியிருந்தது. நல்ல தண்ணீரில் அது எப்படி வளரும்? அப்படியானால் கடல் உள்ளே வருகிறது. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

“அண்ணே, கொஞ்ச நேரம் அங்கனயே இருங்க” என்றேன்.

முதல் அலை சுவரைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்தது கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மூன்றாவது, சுவரைத் தாண்டி அண்ணன் தலைமேல் விழுந்தது.

அவர் முங்கினார். நெடுநேரம் எழவில்லை. எழுந்ததும் உதட்டை நக்கிப் பார்த்தார். உப்பு. உடனே கரையில் நின்ற லூசியாவைப் பயத்தோடு பார்த்தார். கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தமிழிலேயே சொன்னார்:

“நான் போகலம்மா. அதுதான் வந்துச்சு.”

மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. லூசியா சிரித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் இன்னொரு முறை முங்கினார்.

ஆறு மணிக்கு முன்பே கப்பலுக்கு வந்துவிட்டோம்.

இன்றைய நிலவரம்: அண்ணன் இறங்கித் திரேஸ்புரம் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அதே கப்பலில், அதே வழியில். பசிபிக்கில் இதுவரை குளிக்காத தூத்துக்குடி ஆள் இப்போது இந்தக் கப்பலில் நான் ஒருத்திதான்.