குப்புறப் படுக்க வேண்டிய கண்

என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விழித்திரைச் சத்திரசிகிச்சை முடிந்தவர்களிடம் "குப்புறப் படுங்க, லேசான வேலதானே" என்று சொல்லிவந்தேன். ஒருநாள் நானும் செய்து பார்ப்போம் என்று மேசையில் நெற்றியை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை. ஓடிவந்த நர்ஸ் காப்பாற்றியது என்னையல்ல, என் வாய்நீரில் ஊறிக்கொண்டிருந்த கிளினிக் அட்டையை.

அப்போதும் புத்தி வரவில்லை. அது வந்தது வரிப்பத்தான்சேனை ஆதம்பாவா காக்காவால்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; இவர் வயற்காரர். டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி அவருடைய இடக்கண்ணை எப்போதோ தழும்பாக்கிவிட்டிருந்தது. பிறகு வலக்கண்ணிலும் அழற்சி. குளிசை விழுங்கியதில் அது அடங்கியது. ஆனால் அழற்சி பட்ட கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லி சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்திழுக்கும். திரை கிழிந்தால் அந்த ஓட்டைவழியே நீர் புகுந்து அதைக் கழற்றிவிடும். காக்காவுக்கு அதுதான் நடந்தது. ஓரத்திலிருந்து கறுப்புச் சீலை இறங்குவதாகச் சொன்னார். அன்றே கொழும்புக்கு அனுப்பினோம். ஒப்பரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழ் விட்டார்கள். குமிழ் மேலே மிதக்கும். முகம் கவிழ்ந்திருந்தால்தான் பின்னாலுள்ள திரையை அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் பிடி விட்டுப்போகும். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் மனைவி எனக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரிக்க ஊரே வருகிறதாம். ஒவ்வொருவருக்கும் இவர் எழும்பி உட்காருகிறாராம். மோட்டார் சைக்கிளில் ஓடினேன். காக்கா தலையணையில் சாய்ந்து, நிமிர்ந்து இருந்தார். எதிரே, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்மந்தி. வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேர்ட்.

காக்காவின் காதோரம் போய்க் கேட்டேன்.

"குமிழ் இருக்கிற கண்ணால ஒண்டும் தெரியாதே காக்கா. ஆரப் பாக்க எழும்பினீங்க?"

"எனக்குத் தெரியாட்டி என்ன? சம்மந்திக்கு என்னத் தெரியுமே. குண்டியக் காட்டிக்கிட்டா ஸலாம் சொல்லுற?"

அறிவுரை தோற்றால் எனக்குக் கோமாளித்தனம்தான் மிச்சம். அவரைக் கவிழ்த்து, முகம் கட்டில் விளிம்புக்கு வெளியே தரையைப் பார்க்கும்படி, நெற்றியைத் தாங்க மடித்த துவாயை வைத்தேன். பிறகு பாயை விரித்து, அந்த முகத்துக்கு நேர் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஸலாம் சொன்னேன். காக்காவின் கட்டில் சிரிப்பில் ஆடியது.

சம்மந்தி என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். வாசலில் யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். பிறகு சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கொஞ்சம் அங்கால தள்ளுங்க" என்று என் பக்கத்தில் படுத்தார்.

சம்மந்தியே படுத்த இடத்தில் ஊராருக்கு என்ன வெட்கம்? அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் மல்லாந்து கிடந்து வயலையும் வாய்க்கால் தண்ணீரையும் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குப்புறப் படுக்கும் விஷயத்தை நோயாளிக்கு மட்டும் விளக்காதீர்கள். பார்க்க வரப்போகிறவர்களுக்கும் விளக்குங்கள். முதலில் சம்மந்திக்கு.

குமிழ் கரைந்ததும் காக்கா கிளினிக்குக்கு வந்தார். திரை நன்றாக ஒட்டிவிட்டது என்றார் டொக்டர். சுவரில் இருந்த எழுத்துகளைக் காக்கா மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே போனார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். இப்போது என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன்.

உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இதப் பாக்கவா குப்புறக் கிடந்தன்?"