மீதி கொடுக்காத அசனம்

ஞானபாக்கியத்துக்குக் காலி இடம் என்றால் ஆகாது. பிறந்த ஊரான நாசரேத்தில் சிறுமியாக இருந்தபோதே, வேதக்கோயிலில் இரண்டு பேருக்கு நடுவே ஓர் ஆள் உட்காரும் இடைவெளி தெரிந்தால், பின்னாலிருந்து யாரையாவது இழுத்து வந்து அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து குடியேறிய சந்தில் வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம் கிடந்தது. வந்த வாரமே அங்கே ஆப்பச்சட்டி ஏறியது.

புருஷன் ஏசுவடியான் ஒரு பஞ்சுக் கம்பெனியில் பொதி நிறுப்பவன். தராசைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் கம்பெனி தன் ஆட்களுக்காக ஊருக்குத் தெற்கே, முத்தையாபுரம் போகிற வழியில், மணல்காட்டில் ஒரு காலனி கட்டியது. திட்டம் போட்டவர் கம்பெனி இஞ்சினீயர் ஆறுமுகநயினார். நல்ல மனிதர், நிறையப் படித்தவர். சந்தும் பொந்துமான ஊரை அவர் ஒரு வியாதியாகவே பார்த்தார். வீட்டுக்குள் கடை, கடைக்குள் ஆடு, ஆட்டுக்குப் பக்கத்தில் தொட்டில் என்று எல்லாம் கலந்து கிடப்பதுதான் சகல கேடுகளுக்கும் காரணம் என்று முடிவு கட்டியிருந்தார். ஆகவே காலனியில் வீடுகள் மட்டும். நூல் பிடித்த வரிசை, ஓட்டுக் கூரை, வீட்டுக்கு இரண்டு ஜன்னல், தெருக்கோடியில் குழாய். நட்டநடுவில், வரைபடத்தில் பச்சை மை தடவிய பெரிய சதுரம் ஒன்று பூங்கா. தரையில் அந்தச் சதுரத்தில் ஓர் உடைமரம் நின்றது. மற்றபடி மணல்.

நுழைகிற இடத்தில் ஒரு பலகை நட்டார். காலனி எல்லைக்குள் கடை போடக் கூடாது, எதையும் விலைக்கு விற்கக் கூடாது, மீறினால் வீடு பறிக்கப்படும் என்று கண்டிருந்தது. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி: மத காரியங்களில் கம்பெனி தலையிடாது. அம்மன் கோயிலுக்கு ஒரு கூட்டம், மாதா கெபிக்கு ஒரு கூட்டம், பள்ளிவாசலுக்கு ஒரு கூட்டம் என்று இடம் கேட்டு வந்தவர்களிடமிருந்து தப்பிக்க அவரே எழுதிச் சேர்த்த வரி அது.

ஞானபாக்கியத்துக்கு இரண்டாம் வரிசையில் வீடு கிடைத்தது. குடிவந்த அன்று மழை. பானை எதையும் ஒழுக்குக்கு வைக்காமல் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்த வீட்டைவிட்டு இனித் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று அவள் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

ஆனால் காலனியில் ஆள் தரிக்கவில்லை. ஒரு தீப்பெட்டிக்கு டவுனுக்கு நடக்க வேண்டியிருந்தது. ஆண்கள் வேலை முடிந்து கம்பெனிச் சங்கு ஊதியதும் டவுனிலேயே சாப்பிட்டு, டவுனிலேயே சவரம் செய்து, டவுனிலேயே வம்பளந்து, உறங்க மட்டும் வந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு புதுக் கதவுக்குப் பின்னால் அடைந்து கிடந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீனித்தாய் புளி வாங்கப் போனவள் தாய் வீட்டிலேயே தங்கி நாலாம் நாள்தான் திரும்பினாள். இரண்டு குடும்பம் சாவியைத் திருப்பிக் கொடுத்தது. இன்னும் கொஞ்சப் பேர் போனால் வீடுகளையெல்லாம் பஞ்சு அடுக்கும் கிட்டங்கியாக்கிவிடுவார்கள் என்ற பேச்சை ஏசுவடியான் கொண்டுவந்தான். கூடவே பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பயந்தும்போனான்.

“ஏளா, சட்டியத் தூக்கிராத. பலகையில போட்டிருக்கான்.”

“சட்டி வேண்டாம்,” என்றாள் ஞானபாக்கியம். “பானை போதும்.”

மறுநாள் காலையில் உடைமரத்தடியில் மூன்று கல் கூட்டிப் பெரிய பானையில் கேப்பைக் கூழ் கொதித்தது. அரிசி ரேஷனில் இருந்த காலம். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுத் துவையல். ஏசுவடியானை நிறுத்தி உரக்க ஜெபம் சொல்ல வைத்தாள். கேட்டவர்களிடம் இது அசனம் என்றாள். கோயில் திருநாளில் ஆளுக்கொன்று கொண்டுவந்து, ஒன்றாக ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அவள் ஊரில் அதுதான் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. தினசரி நடத்தக் கூடாது என்று வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை என்பது அவளுடைய கட்சி. சாப்பிட்டவர்கள் இஷ்டம்போல் காணிக்கை போட ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. இஷ்டம் குறைந்தவர்களுக்கு மறுநாள் பந்தியில் விளம்பும்போது துவையல் குறைந்தது.

வாரம் திரும்புவதற்குள் பக்தி பெருகிவிட்டது. கம்பெனிப் பொதியைத் தோணியில் கப்பலுக்கு ஏற்றும் ரோச் ஒரு கூடை சாளை மீனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தான். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு பெட்டியில் போட்டார்கள். சீனித்தாய் அம்மன் கோயில் கொடை என்று சொல்லிக் கருப்பட்டியும் புளியும் பரப்பினாள். காவல்காரர் சேக்கின் மனைவி, காயல்பட்டினத்துப் பதுருன்னிஸா, தர்காவில் நடக்கிற கந்தூரி என்று பாய் விரித்துத் தீப்பெட்டியும் நூலும் ஊசியும் வைத்தாள். டவுனிலிருந்து வந்த நாவிதர் பிச்சையாவுக்குத்தான் தன் தொழிலுக்கு என்ன சாமி பெயர் வைப்பது என்று தெரியவில்லை. முடி இறக்குவது நேர்ச்சைதானே, அது தலையில்தான் இருக்க வேண்டுமா என்று ஞானபாக்கியம் கேட்டாள். அன்று முதல் ஆண்கள் தாடிக்கு நேர்ந்துகொண்டார்கள். சங்கு ஊதியதும் நேரே காலனிக்கு வந்தார்கள். சாவி கொடுத்தவர்களில் ஒருவர் திரும்ப வந்து விசாரித்தார்.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் காலையில் ஆறுமுகநயினார் குடையோடு வந்து மரத்தடியில் நின்றார். பிச்சையாவின் கத்தி ரோச்சின் பாதி முகத்தில் நின்றது.

இது என்ன என்று கேட்டார். அசனம் என்றாள் ஞானபாக்கியம். சீனித்தாயைப் பார்த்தார், கொடை என்றாள். பதுருன்னிஸா முக்காட்டுக்குள்ளிருந்து கந்தூரி என்றாள்.

“நேர்ச்சை ஐயா,” என்றான் ரோச், கேட்காமலே. “பாதி நிறைவேறியிருக்கு.”

இஞ்சினீயர் ஞானபாக்கியத்திடம் திரும்பினார். “நேத்து ஒருத்தன் இங்க தீப்பெட்டி வாங்கியிருக்கான். நீங்க வித்திருக்கீங்க.”

“விக்கலை ஐயா. விளம்புதோம்.”

“தீப்பெட்டிய விளம்புவாங்களாம்மா?”

“பசிக்கு விளம்புறதுதான ஐயா. அவனுக்குப் பீடிப் பசி.”

அவர் சிரிக்கவில்லை. குடையை மடக்கி வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். கூழைக் குடித்தார், துவையல் இன்னும் கொஞ்சம் கேட்டார். கை கழுவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து முழு ரூபாய் ஒன்றை எடுத்து அவள் முன்னே நீட்டினார்.

“நாலணா எடுத்துக்கிட்டு மீதியக் கொடும்மா.”

வேலைக்குப் புறப்பட்ட ஏசுவடியான் போகாமல் நின்றுவிட்டான். மீதி கொடுத்தால் அது கடை. கடை என்றால் வீடு போயிற்று. ஞானபாக்கியத்தின் கையோ, சந்து வாசலில் வருஷக்கணக்காக ஆப்பம் விற்ற கை. அது யாரையும் கேட்காமல் ஓலைப்பெட்டிக்குள் போய்விட்டது. சில்லறை கலகலக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இஞ்சினீயரின் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது.

உள்ளே போன கை ஒரு கணம் நின்றது. பிறகு வெறுமையாக வெளியே வந்து, அவர் கையிலிருந்த ரூபாயைப் பணிவாக வாங்கியது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் போட்டு, மூடியை அழுத்தினாள்.

“காணிக்கைக்கு மீதி கொடுக்கிற கோயில் எந்த ஊர்லயாவது உண்டுமா ஐயா?”

ரோச்சுக்குச் சிரிப்பு குலுங்கியது. “அசையாதல,” என்றார் பிச்சையா. “நேர்ச்சை காதுல விழுந்திரும்.”

ஆறுமுகநயினார் பலகை வரை நடந்துபோய் அதன் கடைசி வரியை, யாரோ எழுதியதைப் படிப்பதுபோல், நின்று படித்தார். திரும்பிப் பார்த்தபோதுதான் மணல் அவர் கண்ணில் பட்டது. அவர் போட்டிருந்த தெருக்கள் நேராகக் கிடந்தன. அவற்றில் காலடியே இல்லை. ஒவ்வொரு வாசலிலிருந்தும் கோணலாக ஒரு தடம் புறப்பட்டு, மற்றத் தடங்களோடு சேர்ந்து, உடைமரத்தடிக்குப் போய் முடிந்தது. பிறகு சேக்கைக் கூப்பிட்டுக் குடையைப் பிடிக்கச் சொல்லி, கையோடு கொண்டுவந்த வரைபடத்தை விரித்து, அந்தக் கோணல்களையெல்லாம் பென்சிலால் இழுத்துக்கொண்டார். வீட்டைப் பறிப்பதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஏசுவடியான் அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. எடை மட்டும் சரியாகப் போட்டான்.

மழைக்காலம் கழிந்து இன்னும் இரண்டு வரிசை கட்ட ஏற்பாடானது. புதுப் படத்தில் பச்சைச் சதுரத்தின் ஓரமாகச் சிறு அறைகள் முளைத்திருந்தன. கடை என்று எழுத இஞ்சினீயருக்குக் கை வரவில்லை. எழுதினால் அவர் நட்ட பலகையை அவரே பிடுங்க வேண்டி வரும். அசனக் கூடம் என்று எழுதினார். அது என்ன என்று மானேஜர் கேட்டாராம். அது மத காரியம், கம்பெனி தலையிட முடியாது என்றாராம் இவர்.

கட்டி முடித்ததும் பலகை சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. முதல் அறை ஞானபாக்கியத்துக்கு. திறந்த அன்று அவளுடைய பழைய ஆப்பச்சட்டி திரும்ப அடுப்பேறியது. ஆறுமுகநயினார் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு ஆப்பம் சாப்பிட்டார். சரியான சில்லறையை எண்ணி வைத்தார். எழுந்திருக்கவில்லை.

“இப்ப இது கடைதான?” என்றார்.

“கடைதான் ஐயா. நீங்க கட்டினதுதான.”

“அப்ப, அன்னைக்கு நான் கொடுத்த ரூபாய்க்கு மீதி?”

ஞானபாக்கியம் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிக்கொண்டே யோசித்தாள்.

“அது அசனத்துல விழுந்தது ஐயா,” என்றாள். “கடை இன்னைக்குத்தான திறந்திருக்கு.”