குலசாமி பேர்ல ஒரு பாஸ்வேர்டு

ப்ரவுசிங் சென்டர் நடத்தறவங்களுக்கு ஊர் ரகசியத்தை ஒட்டுக் கேக்க வேண்டிய அவசியமே கிடையாது. வர்றவங்களே டேபிள் முன்னாடி நின்னு சத்தமா சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆவடி - பூந்தமல்லி ரோட்டுல, பாரிவாக்கம் பக்கம் என் கடை. ஒரு பக்கம் பேக்டரி குவார்ட்டர்ஸ் ஜனங்க வருவாங்க, இன்னொரு பக்கம் காலங்காலமா இங்கயே இருக்கற ஊர்க்காரங்க. உங்க வீட்டுலயும் "இந்தப் போன் என்னமோ பண்ணுது, கொஞ்சம் பாரேன்"னு எல்லாரும் உங்க கையிலதான் குடுக்கறாங்களா? அப்ப நீங்களும் நம்ம கட்சி. உட்காருங்க, பேசலாம்.

சிரிக்கற மாதிரிதான் ஆரம்பிப்பேன். ஆனா இந்த அலட்சியத்தால இந்த வருஷம் தேன்மொழின்னு ஒரு பொண்ணுக்கு, ஆசைப்பட்ட காலேஜே கை நழுவிப் போகப் பார்த்துச்சு. அன்னிக்கு வந்த படபடப்பு எனக்கு இன்னும் அடங்கல. அதனாலதான் எழுதறேன்.

ஊருக்கே கேட்ட ஓடிபி

குவார்ட்டர்ஸ்ல இருந்து ஒரு சார் வந்தார். சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். ஆதார்ல விலாசம் மாத்தணும். கடையில நிக்க இடமில்லாத கூட்டம். அவர் போனுக்கு ஓடிபி வந்ததுதான் தாமதம், கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல ஊர்ப் பேரைக் கூவற கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு நம்பரா கூவ ஆரம்பிச்சுட்டார். "சார், சார், போனை இப்படிக் காட்டுங்க, போதும்"னு நான் கையை நீட்டறேன், மனுஷன் முடிச்சுட்டுதான் நிறுத்தினார். பின்னாடி நின்ன ஒருத்தர், "கடைசியில ஆறா, ஒம்பதா?"ன்னு சந்தேகம் வேற கேக்கறார்!

எனக்கு வந்த கோவத்துக்கு, "வீட்டுச் சாவியை இப்படித்தான் நடு ரோட்டுல ஆட்டிக் காட்டுவீங்களா சார்?"னு கேட்டுட்டேன். அவருக்கு முகம் சுண்டிப் போச்சு. நெஜமாவே வருத்தப்பட்டுதான் சொன்னார்: "இங்க நிக்கிறவன் பூரா நம்ம பேக்டரிக்காரன்தாம்மா. இவங்கள நம்பாம வேற யாரத்தான் நம்பச் சொல்லுத?"

திறந்து பார்த்த பத்திரிகை

கலாக்காவும் குவார்ட்டர்ஸ்தான், மதுரைக்காரங்க. எதிர் வீட்டு அம்மா நம்பர்ல இருந்து கல்யாணப் பத்திரிகைன்னு ஒண்ணு வந்திருக்கு. தொட்டாங்க. 'இன்ஸ்டால் பண்ணவா?'ன்னு கேட்டுச்சு, சரின்னாங்க. 'உங்க மெசேஜ் எல்லாம் படிக்கலாமா?'ன்னு கேட்டுச்சு, அதுக்கும் சரின்னாங்க. மாப்பிள்ளையும் வரல, பொண்ணும் வரல. கொஞ்ச நேரத்துல அதே பத்திரிகை அக்கா பேர்லயே சம்பந்தி வீட்டு குரூப் வரைக்கும் போயிடுச்சு. எதிர் வீட்டு அம்மாவும் பாவம், அவங்களும் இதே மாதிரி தொட்டவங்கதான்.

ஓடி வந்தாங்க. நெட்டை நிறுத்தி, பேங்குக்குப் போன் போட்டு கணக்கை முடக்கச் சொல்லி, அந்தச் சனியனைப் போன்ல இருந்து எடுத்துப் போட்டேன். "அக்கா, பத்திரிகைன்னா படமா வரும். உள்ள வரலாமான்னு அனுமதி கேட்டா அது பத்திரிகை இல்ல, திருடன்"னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. கிளம்பும்போது வாசல்ல நின்னு திரும்பினாங்க: "நீ சொல்றது சரிதான்டி. ஆனா வீடு தேடி வந்த பத்திரிகைய பிரிச்சுக்கூடப் பாக்கலைன்னா, நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு எவ வருவா?"

பொன்னியம்மன் பாத்துக்கும்

தேன்மொழி பாரிவாக்கம் ஏகாம்பரம் அண்ணாவோட பொண்ணு. நிலம் எல்லாம் பிளாட் ஆனதும் அண்ணா மினி லாரி ஓட்டறார். பொண்ணு நல்ல மார்க். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் குடுத்த காலேஜ் வரிசையில, கோயம்புத்தூர்ல ஒரு காலேஜை முதல்ல போட்டு வெச்சிருந்தா. வரிசையை மாத்தறதுக்குக் கடைசி நாள் அன்னிக்கு மத்தியானம், எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்னு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க.

திறந்து பார்த்தா, முதல்ல நிக்குது வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு காலேஜ். கோயம்புத்தூர் எங்கயோ அடியில கிடக்குது. அந்தப் பொண்ணுக்கு முகத்துல ரத்தமே இல்ல. "அக்கா, நான் இப்படிப் போடலக்கா"ன்னா. பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்னு கேட்டேன். அண்ணா பெருமையா, "பொன்னியம்மன்தான். எங்க குலசாமி. பங்காளிங்க ஊடு எல்லாத்துக்கும் அதான். பேங்கு, கேஸு, அல்லாத்துக்கும்"ங்கறார். தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. "ஒரு தெருவுக்கே ஒரே சாவியா அண்ணா?"ன்னு கத்திட்டேன். அவர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார்: "சாமி பேரு வெச்சா சாமி பாத்துக்கும்னுதானேமா வெச்சோம். வேற இன்னா வெக்கறது?"

பெரியப்பா நம்பர்

வரிசையைப் பழையபடி மாத்தியாச்சு. ஆனா பாஸ்வேர்டை மாத்தலைன்னா சாயங்காலத்துக்குள்ள யாரு வேணா திரும்ப மாத்தலாம். மாத்தப் போனா ஓடிபி போறது தேன்மொழியோட பெரியப்பா போனுக்கு. அந்த வீட்டுல ரேஷன் கார்டுல இருந்து ஸ்கூல் வரைக்கும் பெரியவர் நம்பரைக் குடுக்கறதுதான் மரியாதை. தேன்மொழியே போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சா. அவர் ஒண்ணும் மறைக்கல. "ஆமா, நான்தான் பையனாண்ட சொல்லி மாத்தினேன். பொட்டப்புள்ளய அவ்ளோ தூரம் அனுப்பிட்டு, அங்க எதுனா ஒண்ணுன்னா யாரு கீறாங்க?"ன்னார். அவ ஓடிபி கேட்டதும், "போன எடுத்தாலே அத யாருக்கும் சொல்லாத, சொல்லாதன்னுதான் கத்துறான். நான் சொல்ல மாட்டேன்"னு வெச்சுட்டார். நாங்க படிச்சுப் படிச்சுச் சொல்றதை ஒருத்தராவது கேட்டாரேன்னு சந்தோஷப்படவா, இன்னிக்குத்தானா கேக்கணும்னு அழவா?

ஏகாம்பரம் அண்ணா தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. கொஞ்ச நேரம் பொண்ணையே பார்த்தார். அவ அழக்கூட இல்ல, ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அண்ணா சட்டுனு எழுந்து, "நான் அங்க போய் போன் போடறேன், அப்ப அந்த ஓடிபிய அனுப்பு"ன்னு வண்டியை எடுத்தார். அங்க போய் பெரியப்பா போனைக் கையில வாங்கி, அதுல இருந்தே கூப்பிட்டு, ஓடிபி வந்ததும் மெதுவா படிச்சார். பின்னாடி பெரியப்பா குரல்: "நாளைக்கு எதுனா ஆச்சுன்னா?" அண்ணா சொன்னார்: "ஆச்சுன்னா நான் போறேண்ணா. அவ ஆசப்பட்டத அவளுக்குத் தெரியாம நாம மாத்தறது தப்பு." அவ அடிக்கறது என் கண்ணுல படக்கூடாதுன்னு நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். தேன்மொழி புது பாஸ்வேர்டை அடிச்சா, நம்பரையும் தன் நம்பரா மாத்தினா.

அப்புறம் கோயம்புத்தூர் சீட்டே கிடைச்சுது. ஆனா எனக்கு மனசுல நிக்கறது அன்னிக்கு அண்ணா பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்த நேரம்தான். ஆசையா, "இன்னா பேரு வெச்சே?"ன்னு கேட்டார். "சொல்ல மாட்டேம்பா"ன்னா அவ. எனக்குத் திக்குனு ஆச்சு. மனுஷன் இப்பதான் அண்ணனைப் பகைச்சுக்கிட்டு வந்திருக்கார். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அப்புறம் கண்ணு கலங்கி, சிரிச்சுட்டார்: "அப்பனுக்கே சொல்ல மாட்டியா? அப்ப சரி, கோயம்புத்தூர்ல நீ பொழச்சிக்குவே."

பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னு வந்து நிக்கறவங்களைப் பார்த்தா முன்னெல்லாம் எனக்கு எரிச்சலா வரும். இப்ப, மறக்கற அளவுக்காவது தனக்குன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்களேன்னு டீ வாங்கிக் குடுக்கத் தோணுது.