பூசணிக்காயும் சூரியனும்

பாரிஸின் லா சப்பலில் என் தேநீர்க்கடை திறந்த காலை அது. நீற்றுப்பூசணிக்காயில் குங்குமத்தை நிரப்பி வாசலில் உடைத்தேன். நடைபாதையெல்லாம் சிவப்பு. போனவர்கள் விலகி நடந்தார்கள்.

பக்கத்துத் தையல்கடை மரியா மெக்சிகோக்காரி. யாரும் வழுக்கி விழாமல் கூட்டிவிட விளக்குமாற்றோடு வந்தாள். முதல்நாள்தான் மெக்சிகோவில் முன்பு வாழ்ந்த அஸ்டெக் மக்களைப் பற்றி டிவியில் பார்த்திருந்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கடை ஆக்கள் முந்தி மனிசற்றை நெஞ்சைப் பிளந்து இதயத்தைச் சூரியனுக்குக் குடுத்தவையாமே?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. "ஓம். குடுக்காட்டிச் சூரியன் நிண்டுபோகும் எண்டு பயந்தவை. நீங்கள் இதை ஏன் உடைச்சனீங்கள்?"

"முந்தி உயிர்ப்பலி குடுத்தவை. இப்ப அதுக்குப் பதிலாத்தான் பூசணிக்காய்…" சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. என் கைகள் மணிக்கட்டுவரை சிவப்பாக இருந்தன.

"உங்களுக்கு என்ன பயம்?"

"கடை நிலைக்கவேணும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போது, பாரிஸில் அதிசயமாக, நல்ல வெயில். மரியா சூரியனையும் என் கடையையும் காட்டி, "ரெண்டும் இண்டைக்கும் வந்திட்டுது" என்றாள். முதல் தேத்தண்ணி அவளுக்குத்தான்.

இப்போது அஸ்டெக் மக்களை நினைத்தால், விடியுமா என்று கிழக்கைப் பார்த்து நிற்கும் சனம்தான் கண்ணுக்குள் வருகிறது. கடைச் சாவியோடு நானும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறேன்.