லிண்டன் மயிலுக்குத் தோள் கொடுத்தேன்

1994 ஜூலை, வெள்ளிக்கிழமை. காலை பத்தேகாலுக்கு பேக்கர் தெருவில் ரயில் ஏறினேன். டிக்கெட் மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு; இருபது நிமிடத்தில் ஹரோ. மதுரையில் மரக்கடை வைத்திருப்பவன் நான். மகளைப் பார்க்க வந்த இடத்தில், சிவராசா என்பவர் கோயிலுக்கு மயில் வாகனம் செதுக்குகிறார் என்று கேள்விப்பட்டதும் கால் தரிக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து அரை மைல். வழியெல்லாம் லிண்டன் மரங்கள் பூத்து மணத்தன. அவற்றில் ஒன்றை நகர கவுன்சில் வெட்டியபோது கேட்டு வாங்கி, இரண்டு வருஷம் காயவைத்திருந்தார் சிவராசா.

அவர் வீட்டுக் கராஜில் மூன்றடி உயர மயில் நின்றது, வெண்ணெய் நிறத்தில். நகத்தால் கீறினேன், பதிந்தது.

"இது தீப்பெட்டிக்குத்தான் ஆகும் தம்பி. சாமியைத் தாங்குமா?"

"பியானோக் கட்டை, கிற்றார் எல்லாம் இதிலைதான் செய்யினம் அண்ணை. இருந்து பாருங்கோ."

போன வருஷம் வாகனமில்லாமல் முருகனைக் கையில் தூக்கிச் சுற்றினார்களாம். இந்த ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்கு மயில் தருவதாகக் கோயில் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்.

என் கை சும்மா இருந்திருக்கலாம். கொண்டைக்குக் கீழே கொஞ்சம் எடுத்துத் தருகிறேன் என்று உளியை வாங்கி, தேக்கில் அடிக்கிற பழக்கத்தில் ஓங்கி ஒரு போடு போட்டேன். கொண்டை உடைந்து தரையில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஊனமான வாகனத்தில் சாமியை ஏற்றுவதில்லை, என் ஊரிலும் அவர் ஊரிலும்.

சிவராசா துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கண் திறக்கேல்லை அண்ணை. அதுவரைக்கும் இது வெறும் மரம்தான், ஒட்டலாம். நீங்கள் பிடியுங்கோ. உளியை மட்டும் தொடாதேங்கோ."

மர ஆணி இறக்கி, பசை பூசி, கயிற்றால் இறுக்கினோம். வர்ணம் பூச நேரமில்லை. ஒட்டு தெரிந்தால் அவர் மானம் போகும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. வேலை ஷிப்ட் முடித்து வந்த சிவராசா சுத்தியலே எடுக்காமல், கை அழுத்தத்திலேயே உளியை ஓட்டினார். சோப்பைச் சீவுவதுபோல் சீவிக்கொண்டு போனது. லிண்டனில் மரத்தின் வரியோட்டமே தெரியாது. அதனால் ஒட்டும் தெரியவில்லை. உடைத்த நானே தேடித் தோற்றேன். தேக்காக இருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு, கோயில் மண்டபத்தில் ஐயர் மந்திரம் சொல்ல, சிவராசா மயிலுக்குக் கண் திறந்தார். முருகன் ஏறினார். தூக்க நான்கு பேர் வேண்டும். ஒருவர் வேலையிலிருந்து வந்து சேரவில்லை.

"அண்ணை, சாமியைத் தாங்குமோ எண்டு கேட்டனீங்கள். வந்து தோளைக் குடுத்துப் பாருங்கோ."

கொடுத்தேன். எங்கள் ஊர் மயிலுக்குப் பதினாறு பேர் வேண்டும், பாதித் தூரத்தில் மூச்சு வாங்கும். இங்கே நான்கே பேர், அதில் ஒருவன் கொண்டையை உடைத்தவன். அரோகரா என்று என் குரல்தான் முதலில் எழும்பியது. மண்டபக் கதவைத் தாண்டி, பூத்து நின்ற லிண்டன் மரங்களுக்குக் கீழே மயில் கம்பீரமாக வெளியே வந்தது.